கேட்டில் ஆள் வந்தாலே குரைத்துத் தள்ளும் நாய்: எப்படிப் பழக்குவது?

செம்பனைக்காடு:
வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தோட்டத்து லயத்து வீட்டை (தொழிலாளர் வரிசை வீடு) விட்டு இந்தத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒட்டு வீடு, முன்னால் கார் நிறுத்துகிற இடம், அதற்கு ஓர் இரும்பு கேட். நாய் பேர் டைகர், நாட்டு நாய், கருத்தடை செய்தாச்சு, வீட்டு ஆட்களிடம் அவ்வளவு சாது. ஆனால் கேட்டில் யாராவது வந்து நின்றால் போதும், தொண்டை கட்டுகிற வரைக்கும் குரைப்பான். பார்சல் கொண்டுவருகிற பையன், தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர், என் சொந்தத் தங்கச்சி, யார் வந்தாலும் ஒரே ஆட்டம்தான்.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இப்போது உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வருகிறார். அவர் உள்ளே வருவதற்குள் பாவம் முகமே வெளுத்துவிடுகிறது. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தில் கைக்குழந்தை வேறு, சுவர் ஒன்றுதான் நடுவில். அந்த அக்கா இதுவரை கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை, அதனாலேயே எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது. தீபாவளிக்குத் திறந்த இல்லம் வைக்கிறோம், அதற்குள் ஏதாவது வழி செய்ய வேண்டும். நாயை யாருக்காவது கொடுத்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மண்டோர்மகன்:
குரைக்காத நாயை வைத்து என்ன செய்வது தங்கச்சி? எங்கள் வரிசையில் ராத்திரியில் தண்ணீர் பம்ப்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான், கேஸ் தோம்பையும் (சிலிண்டர்) தூக்கிவிட்டான். நாய் இருந்த வீட்டுப் பக்கம் மட்டும் எவனும் வரவில்லை.

கால்நடைத்தோழி:
அண்ணே சொல்வதும் நியாயம்தான், அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் டைகர் ஏன் குரைக்கிறான் என்று பார்ப்போம். நான் ஈப்போவில் ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன், இதே கேள்வியோடு நிறைய பேர் வருகிறார்கள்.

பார்சல் பையன் வருகிறான், நாய் குரைக்கிறது, அவன் பார்சலை வைத்துவிட்டுப் போய்விடுகிறான். அவன் அடுத்த வீட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். நாய்க்கு அது தெரியாது. அதன் கணக்கில், நான் குரைத்தேன், அவன் ஓடிவிட்டான். தினமும் இது நடக்கிறது, தினமும் நாய்தான் ஜெயிக்கிறது. இப்படி ஜெயித்துப் பழகிய ஒன்றைச் சும்மா திட்டி நிறுத்த முடியாது. அதிலும் நாம் உள்ளேயிருந்து சத்தம் போட்டால், வீட்டில் எல்லாரும் சேர்ந்து குரைக்கிறார்கள் என்றுதான் அதற்குத் தோன்றும்.

சில விவரம் சொல்லுங்கள். எந்த நொடியில் ஆரம்பிக்கிறான்? ஹார்ன் சத்தத்திலா, மோட்டர் நிற்கிற சத்தத்திலா, கேட் சங்கிலி ஆடும்போதா? குரைக்கும்போது முன்னால் பாய்கிறானா, பின்னால் போகிறானா? வால் எங்கே நிற்கிறது? கைப்பேசியில் ஒரு தடவை படம் பிடித்துப் பாருங்கள், நேரில் பார்க்கும்போது தப்பிப்போகிற விஷயங்கள் அதில் தெரியும்.

செம்பனைக்காடு:
பிடித்துப் பார்த்தேன் அக்கா, நீங்கள் சொன்னது சரிதான், நான் நினைத்தது ஒன்று, படத்தில் இருப்பது ஒன்று. ஹார்ன் அடிப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறான். தெருமுனையில் மோட்டர் வேகம் குறைகிறபோதே படுத்திருந்தவன் தலையைத் தூக்குகிறான், காது இரண்டும் முன்னால் வருகிறது, வாயை இறுக்கி மூடிக்கொண்டு அப்படியே உறைந்துபோய் நிற்கிறான். அதன் பிறகுதான் ஓட்டம். கேட்டின் கீழ்க் கம்பியில் முன்னங்கால் இரண்டையும் வைத்து ஏறி நிற்கிறான், சங்கிலி கடகடவென்று ஆடுகிறது, அந்தச் சத்தத்துக்கே இன்னும் கூடுதலாகக் குரைக்கிறான்.

ஆள் உள்ளே வந்துவிட்டால் பின்னால் போய்ப் போய்க் குரைக்கிறான், வால் கீழே. உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆனதும் மோந்து பார்த்துவிட்டுக் காலடியிலேயே படுத்துக்கொள்கிறான். மாமனார்தான் உள்ளேயிருந்து “ஏய், சும்மா இரு” என்று கத்துவார்.

லயத்துவாசி:
கரண்ட் பட்டை இருக்கிறதே, கழுத்தில் மாட்டுவது, ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது. குரைத்தால் சுருக்கென்று பிடிக்கும், தானாக அடங்கிவிடும் என்கிறார்கள். இல்லையென்றால் பேப்பரைச் சுருட்டி இரண்டு போடு. எங்கள் தாத்தா காலத்தில் அப்படித்தான்.

கால்நடைத்தோழி:
தயவுசெய்து அந்தப் பட்டையை வாங்காதீர்கள். லயத்துவாசி ஐயா நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் நடப்பது வேறு. செம்பனைக்காடு எழுதியதைப் பாருங்கள், வால் கீழே, பின்னால் போய்க் குரைக்கிறான். இது பயந்த நாய். பயந்த நாய் ஓர் ஆளைப் பார்க்கிற அதே நொடியில் கழுத்தில் வலித்தால், அந்த ஆள் வந்ததால்தான் வலிக்கிறது என்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். சத்தம் குறைந்தாலும் உள்ளே பயம் கூடும். உறுமினால் அடி, குரைத்தால் அடி என்று வளர்ந்த நாய் எச்சரிக்கை கொடுப்பதையே விட்டுவிட்டு நேரே கடித்துவிடலாம். உறுமல் நமக்குக் கிடைக்கிற தகவல், அதை அடித்துத் துரத்தக் கூடாது. வேல்ஸ் நாட்டில் இந்தக் கரண்ட் பட்டையை 2010இலேயே தடை செய்துவிட்டார்கள்.

வாயை ரப்பர் வளையத்தால், கயிற்றால் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வாயைக் கட்டினால் உயிருக்கே ஆபத்து. நம் மலேசியாவில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது, கொடுமை செய்ததாக நிரூபணமானால் 20 ஆயிரம் வெள்ளியிலிருந்து 1 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது 3 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கரும்பலகை:
மண்டோர்மகன் அண்ணன் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். லயத்தில் இருந்த காலத்தில் நாய்கள் இவ்வளவு குரைத்ததா? எனக்கு ஞாபகம் இருக்கிற வரை இல்லை. விடியற்காலை இருட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் போவார்கள், ஒரு நாயும் வாயைத் திறக்காது. புதிதாக எவனாவது வந்தால் லயம் முழுக்கக் கேட்கும்.

அந்த நாய்கள் குட்டியிலிருந்தே திண்ணையிலும் வாசலிலும் கிடந்தவை. கறிகாய் லோரி, ரொட்டிக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோயில் திருவிழாவுக்குத் தப்பு அடிக்கிறவர்கள் என்று எல்லாரும் அவற்றைத் தாண்டித்தான் போவார்கள். மனுசன் வருவதும் போவதும் அவற்றுக்குப் புதுசே இல்லை. இப்போது தோட்டம் பிரிந்து தாமானுக்கு வந்த பிறகு குட்டியைக் கேட்டுக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறோம். அதற்குத் தெரிந்த மனிதர்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான். வெளியாள் என்றால் கம்பிக்கு அந்தப் பக்கம் திடீரென்று தோன்றி, ஹார்ன் அடித்து, மறைந்துவிடுகிற ஒன்று. அப்படி வளர்ந்தது குரைக்காமல் என்ன செய்யும்? நாயின் குணம் கெட்டுப்போகவில்லை, அது வாழ்கிற இடம்தான் மாறிவிட்டது என்பது என் எண்ணம்.

கால்நடைத்தோழி:
கரும்பலகை ஐயா, இதைத்தான் சொல்ல வந்தேன். குட்டி பிறந்த 3ஆவது வாரத்திலிருந்து சுமார் 14ஆவது வாரம் வரை அதன் மூளை எது சகஜம், எது ஆபத்து என்று பிரித்துக்கொள்கிற காலம். லயத்து நாய்க்கு அது தானாகவே நடந்தது. தாமான் நாய்க்கு நாம்தான் செய்து கொடுக்க வேண்டும். டைகர் வளர்ந்த நாய், அதனால் மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவன் கேட்டுக்கு ஓடுவதை நிறுத்துங்கள். இது பயிற்சியே இல்லை, ஏற்பாடுதான். கேட்டின் கீழ்ப் பாதிக்குப் பச்சை வலையோ பிளாஸ்டிக் தகடோ கட்டிவிடுங்கள், தெரு தெரியாது. பார்சலுக்குக் கேட்டுக்கு வெளியே ஒரு பெட்டி மாட்டிவிட்டால் அந்தப் பையன் ஹார்ன் அடிக்கவே வேண்டாம். கழுத்துச் சங்கிலியில் கேட் பக்கம் கட்டிவைக்காதீர்கள். கட்டிப்போட்ட நாய்க்கு ஓட வழியில்லை, பயம் எல்லாம் கோபமாக மாறும். வீட்டில் யாரும் இல்லாதபோது பின்பக்கம் விடுங்கள். தினமும் தனியாகக் கேட்டில் நின்று குரைத்துப் பழகினால் நீங்கள் சாயந்திரம் சொல்லிக் கொடுப்பது ஒன்றும் நிற்காது.

அடுத்தது சத்தம். அவனுக்கு முதல் பொறி மோட்டர் வேகம் குறைகிற சத்தம் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. அந்தச் சத்தத்தையும் ஹார்னையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கோழி ஈரலை உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்து, சுண்டு விரல் நகம் அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் வையுங்கள். வீட்டுக்குள், மிகவும் குறைவான சத்தத்தில் அந்தப் பதிவைப் போடுங்கள். காது அசையும், குரைக்க மாட்டான். அந்த நொடியிலேயே ஒரு துண்டு ஈரல். சத்தம் முதலில், ஈரல் பின்னால், இந்த வரிசை மாறவே கூடாது. டப்பாவைத் திறந்த பிறகு சத்தம் வந்தால் அவன் டப்பாவைத்தான் கவனிப்பான். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். சத்தம் கேட்டதும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தால், கொஞ்சம் சத்தத்தைக் கூட்டலாம். குரைத்துவிட்டால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு படி கீழே இறங்குங்கள்.

இதோடு கூடவே ஒரு சாக்கையோ பழைய மிதியடியையோ கூடத்து மூலையில் போட்டு, அங்கே போய்ப் படுத்தால் ஈரல் என்று தனியாகப் பழக்குங்கள். ஆள் வராத நேரத்தில் பழகினால்தான் ஆள் வருகிறபோது அது கை கொடுக்கும்.

லயத்துவாசி:
ஈரல் கொடுத்தால் குரைப்பதற்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகாதா?

கால்நடைத்தோழி:
நல்ல கேள்வி ஐயா. குரைப்பதற்கு முன்னாலேயே கொடுக்கிறோம், அதனால் ஆகாது. அப்புறம் பயம் என்பது கூலிக்குக் கூடுகிற விஷயம் இல்லை. மோட்டர் சத்தம் வந்தால் நல்லது நடக்கும் என்று அடிவயிற்றில் பதிந்துவிட்டால், குரைப்பதற்கான காரணமே குறைந்துவிடும்.

மண்டோர்மகன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன், லயத்து நாய் பற்றிக் கரும்பலகை சொன்னது அப்படியே உண்மை. எங்கள் அப்பா வளர்த்த நாய் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) ஐயா சைக்கிள் சத்தத்துக்கு வாலாட்டும். ஆனால் திருடன் விஷயத்துக்குப் பதில் வரவில்லையே. பழக்கிப் பழக்கி எவன் வந்தாலும் ஈரல் எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால்?

கால்நடைத்தோழி:
அண்ணே, மௌனமாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று தடவை குரைக்கட்டும், அது நமக்கு வேண்டும். குரைத்ததும் எழுந்து போய்ப் பாருங்கள், உள்ளேயிருந்து கத்த வேண்டாம். நிதானமான குரலில் “போதும்” என்று ஒரே ஒரு தடவை சொல்லி, மூக்குக்கு நேரே ஈரலைக் காட்டுங்கள். மோந்து பார்க்கிற நாயால் அதே நேரத்தில் குரைக்க முடியாது. வாய் மூடிய அந்த ஒரு விநாடி அமைதிக்குத்தான் ஈரல். பிறகு இரண்டு விநாடி, ஐந்து விநாடி என்று நீட்டிக்கொண்டே போங்கள். நீங்கள் வந்து பார்த்துவிட்டீர்கள், பொறுப்பை எடுத்துக்கொண்டீர்கள் என்று அதற்குப் புரியும்.

இன்னொன்று சொல்கிறேன். எல்லாருக்கும் எப்போதும் குரைக்கிற நாயின் சத்தத்தைத் தெருவில் யாரும் மதிக்க மாட்டார்கள். எப்போதாவது குரைக்கிற நாய் நடுராத்திரியில் குரைத்தால் நீங்களே எழுந்து விளக்கைப் போடுவீர்கள், அக்கம்பக்கமும் எழுந்து பார்க்கும்.

மண்டோர்மகன்:
இது எனக்குப் பிடித்திருக்கிறது.

கரும்பலகை:
மலாய் நண்பர்கள் வருகிற வீடு என்றால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நாயின் எச்சிலோ ஈர மூக்கோ அவர்கள்மேல் பட்டால் இஸ்லாமிய முறைப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில். டைகர் நட்பாக ஓடிவந்து காலை நக்கினாலும் அவர்களுக்கு அது பெரிய சங்கடம். அதனால் அவர்கள் வருகிற நாளில் பயிற்சி கியிற்சி எதுவும் வேண்டாம். பின்கட்டில் அடைத்து, கதவைச் சாத்தி, வந்ததும் “நாய் பின்னால் பூட்டியிருக்கிறது” என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். சொன்னாலே அவர்களுக்குப் பாதி நிம்மதி. பக்கத்து வீட்டு அக்காவிடமும் நேரில் போய், நாயைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம், குழந்தை தூங்குகிற நேரம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பயிற்சி வைக்காதீர்கள். நம் தெருவில் எல்லாரும் சேர்ந்துதான் வாழ வேண்டும்.

நாய்க்கு லைசன் எடுத்தாச்சுதானே? சுங்கை சிப்புட் என்றால் கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்குக் கீழே வரும். யாராவது புகார் கொடுத்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ராத்திரிஷிப்ட்:
எங்கள் கிழவிக்கு இதே பிரச்சினை திடீரென்று வந்தது. வருடக்கணக்கில் அமைதியாக இருந்த நாய், ஒன்றுமே இல்லாததற்கெல்லாம் குரைத்தது. டாக்டர் பார்த்துவிட்டு இடுப்பு மூட்டில் வலி, காதும் மந்தமாகிவிட்டது என்றார். வலிக்கு மருந்து கொடுத்ததும் நிறையக் குறைந்தது. வயசான நாய் திடீரென்று மாறினால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

செம்பனைக்காடு:
நீங்கள் எல்லாரும் எழுதியதற்கு ரொம்ப நன்றி. சில வாரமாகச் செய்துகொண்டிருக்கிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

கேட்டில் பச்சை வலை கட்டினோம், அன்றைக்கே பாதி சத்தம் குறைந்தது, இது இவ்வளவு வேலை செய்யும் என்று யாரும் நினைக்கவில்லை. ஈரல் பயிற்சி கூடத்தில் நன்றாகப் போகிறது. பதிவு செய்த மோட்டர் சத்தம் கேட்டால் இப்போது சாக்கில் உட்கார்ந்துகொண்டு என் கையைப் பார்க்கிறான், நாக்கு வெளியே, கண் தளர்ந்து. நிஜ மோட்டர் என்றால் இன்னும் எழுந்து ஓடுகிறான், ஆனால் கூப்பிட்டால் பாதி வழியில் திரும்பி வருகிறான். முன்பு என் குரலே அவன் காதில் விழாது.

மாமனாரிடம் கத்த வேண்டாம் என்று சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. கடைசியில் ஈரல் டப்பாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். இப்போது அவர்தான் காலையில் முதல் ஆளாகப் பயிற்சி கொடுக்கிறார்.

உடற்பயிற்சிக்கு வருகிற பெண் வரும்போது மட்டும் இன்னும் பயப்படுகிறான். அவர் தலைக்கவசத்தோடு வருகிறார், பெரிய பை வேறு. என்ன செய்யலாம்?

கால்நடைத்தோழி:
நிஜமாகவே சந்தோஷம். சாக்கில் கண் தளர்ந்து உட்காருகிறான் என்றீர்களே, அதுதான் நான் எதிர்பார்த்தது.

அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கு வெளியிலேயே தலைக்கவசத்தைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். முகம் தெரியாத தலை பல நாய்களுக்குப் பெரிய பயம். உங்கள் வீட்டுத் தலைக்கவசத்தைத் தரையில் வைத்து அதைச் சுற்றி ஈரலைப் போட்டு மோந்து பார்க்க விடுங்கள், அப்புறம் நீங்களே மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள். அந்தப் பெண் டைகரை நேருக்கு நேர் பார்க்காமல், குனிந்து தலையில் தடவப் போகாமல், பக்கவாட்டில் திரும்பி உள்ளே வந்து உட்காரட்டும். போகிறபோக்கில் ஈரலைத் தரையில் போட்டுக்கொண்டே வரலாம், கையில் வைத்து நீட்ட வேண்டாம். பயந்த நாய் ஈரலுக்காகக் கிட்டே வந்துவிட்டு, வந்த பிறகு திடுக்கிட்டுக் கடிக்கலாம். அவர் வருகிறபோது டைகர் கழுத்தில் கயிறு இருக்கட்டும், பிடி மாமனார் கையில், தளர்வாக.

எந்தக் காரணத்துக்காவது யார் மேலாவது பல் பட்டுவிட்டால், ஓடுகிற தண்ணீரில் சோப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க் காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

தீபாவளிக்கு அவனைக் கூடத்தில் வைக்காதீர்கள். இத்தனை ஆள், பட்டாசு, திறந்தே கிடக்கிற கேட், பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் அவனுக்குத் தாங்காது. பின் அறையில் மின்விசிறி, தண்ணீர், கடித்து மெல்ல ஏதாவது கொடுத்து, வானொலியைப் போட்டு விட்டுவிடுங்கள். கதவில் “திறக்காதீர்” என்று எழுதி ஒட்டுங்கள், சொந்தக்காரப் பிள்ளைகள் கட்டாயம் திறப்பார்கள். முறுக்கு, சாக்லேட், உலர்ந்த திராட்சை போட்ட பலகாரம் எதையும் யாரும் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு விஷம்.

செம்பனைக்காடு:
பின் அறை ஏற்பாடு செய்துவிடுகிறேன். நிஜ மோட்டரில் பழக்க ஆள் இல்லை என்பதுதான் இப்போது குறை. பார்சல் பையன் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது, நான் ஈரலை எடுப்பதற்குள் போய்விடுகிறான்.

மண்டோர்மகன்:
நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் தங்கச்சி, மோட்டர் இருக்கிறது, ஞாயிறு காலையில் வேலை இல்லை. சொன்னால் வருகிறேன். தெருமுனையில் நின்று, வேகம் குறைத்து, திரும்பிப் போய், மறுபடி வர வேண்டும், அவ்வளவுதானே?

செம்பனைக்காடு:
அண்ணே, வாங்க. குழந்தை பத்து மணிக்கு மேல் தூங்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், அதற்கு முன்னால் வந்தால் நல்லது. முதல் வாரம் ஹார்ன் வேண்டாம், மோட்டர் சத்தம் மட்டும். மாமனார் வாசலில் டப்பாவோடு நிற்பார், அவர் கையைத் தூக்கினால் நீங்கள் திரும்பிப் போய்விடுங்கள். முடிந்ததும் தலைக்கவசத்தை வெளியிலேயே கழற்றி மாட்டிவிட்டு உள்ளே வாங்க, தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.